மங்கும், போகாது

சிஸ்டரின் இடது முன்கையில் ஒரு பழைய தீத்தழும்பு இருந்தது. மணிக்கட்டுக்கு நான்கு விரல் மேலே தொடங்கி முழங்கை வரை போகும். குக்கர் வெடித்து வந்தது. அதில் பாதி வழுவழுப்பாக, சுற்றியிருந்த தோலைவிடக் கொஞ்சம் வெளிறி இருக்கும். மறுபாதி கயிறு திரித்ததுபோலத் தடித்துப் பளபளக்கும். இரண்டுக்கும் நடுவில் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல ஓர் எல்லை.

பழனிசெட்டிபட்டியில், கம்பம் சாலையில், ஒரு மின்சாதனக் கடையின் மாடியில் அந்தச் சரும கிளினிக் இருந்தது. அங்கே லேசர் இயந்திரம் வந்து இறங்கியபோது, நர்ஸாக இருந்த சிஸ்டர் டாக்டரிடம் கேட்டுத் தன் தழும்பின் ஒரு பாதிக்கு மட்டும் சிகிச்சை எடுத்துக்கொண்டார். ஆறு முறை. மறுபாதியை வேண்டுமென்றே விட்டுவைத்தார். யார் வந்தாலும் உட்கார வைத்து முதலில் அந்தக் கையைத்தான் நீட்டுவார்.

"தொட்டுப் பாருங்க. இந்தப் பக்கம் மெஷின் பட்டது. இந்தப் பக்கம் படாதது. இம்புட்டுத்தான் வித்தியாசம். மங்கும், போகாது. சம்மதம்னா உள்ள வாங்க."

கிளினிக்கின் உரிமையாளர் டாக்டர் இல்லை. முன்பு அழகு நிலையம் வைத்திருந்தவர், கடன் வாங்கி இயந்திரங்கள் வாங்கியவர். மதுரையிலிருந்து ஒரு தோல் டாக்டர் மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவார். மற்ற நாளெல்லாம் சிஸ்டர்தான். ராயப்பன்பட்டிக்காரர். பதினாறு வருடம் கேரளத்தில் ஒரு மருத்துவமனையின் தீக்காய வார்டில் வேலை பார்த்துவிட்டு, தாயாரைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பியவர். யாராவது வலியில் முனகினால் "சாரமில்லை, சாரமில்லை", ஒன்றுமில்லை, பரவாயில்லை என்று மலையாளத்தில்தான் தேற்றுவார். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இன்னும் வேலையில் இருக்கிறார்.

அங்கே படம் எடுக்க இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று வரவேற்பறையில், வட்டமான வெள்ளை விளக்குக்கு முன்னால். அது உரிமையாளருடையது. சிகிச்சை முடிந்தவர்களை அங்கே நிறுத்தி, லேசாகப் பவுடர் பூசி எடுப்பார். மற்றது உள்ளறையில், வடக்கு ஜன்னலுக்குப் பக்கத்தில். அது சிஸ்டருடையது. தரையில் பாதம் வைக்க இரண்டு துண்டு பிளாஸ்திரி, சுவரில் உயரம் குறிக்க ஒரு பென்சில் கோடு. சிகிச்சைக்கு முன்னாலும் அங்கேதான், பின்னாலும் அங்கேதான், இரண்டும் காலை பதினோரு மணிக்குத்தான். பன்னிரண்டு மணிக்கு வந்த ஒரு பெண்ணை மறுநாள் வரச் சொல்லித் திருப்பி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

"ஒரு மணி நேரத்துல என்ன சிஸ்டர் ஆகிரும்?" என்று அந்தப் பெண் சலித்துக்கொண்டார். போடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர்.

"வெளிச்சம் மாறிரும். அப்புறம் மங்குனது உங்க தோலா, வெளிச்சமான்னு எனக்கே தெரியாது. பொய் சொல்லச் சொல்றீகளா?"

நான் அப்போது தேனியில் ஒரு நாளிதழின் செய்தியாளர். செய்தியோடு சேர்த்து மாதம் ஒரு விளம்பரப் பக்கமும் எழுதித் தர வேண்டும். தலைப்பு, துணைத் தலைப்பு, படம், இரண்டு பேரின் பேட்டி என்று அது செய்தியைப் போலவே இருக்கும். 'விளம்பரம்' என்ற சொல் மூலையில் பொடி எழுத்தில் நிற்கும். அந்த கிளினிக்குக்கு முதல் தடவை போனது அந்தப் பக்கத்துக்காகத்தான். உரிமையாளர் பேசினார், நான் குறித்துக்கொண்டேன். சிஸ்டர் ஏதோ சொல்ல வந்தார். இடம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம் போனபோது அந்தப் பக்கத்தை நான்காக மடித்து வைத்திருந்தார். விரித்து மேசையில் வைத்தார். என் வாசகம் ஒன்றின் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். 'பிரசவ வரிகளும் தழும்புகளும் முற்றிலும் மறையும்.'

"இது நீங்க எழுதுனதா, அவரு சொன்னதா?"

"அவர் சொன்னது. நான் எழுதினது."

"எந்தத் தழும்பு முற்றிலும் மறைஞ்சுச்சு? எனக்கு ஒண்ணைக் காட்டுங்க, பேப்பர்க்காரம்மா. பதினாறு வருஷமா தேடுறேன்."

அவர் எழுந்து போய்க் கை கழுவினார். கோபம் வந்தால் கை கழுவுவது அவர் வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. சோப்புப் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, முழங்கை வரை நனைத்து, தீக்காய வார்டில் கற்றுக்கொடுத்த அதே முறையில். ஒரு நாள் ஒரு மணி நேரத்துக்குள் மூன்று முறை கழுவினார். அன்றைக்கு வந்திருந்தவர் ஒரு கணவர். மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "ரெண்டு புள்ளைக்கே வயிறு இப்படிக் கிழிஞ்சு கெடக்கு, ஏதாச்சும் பண்ணுங்க" என்று சொன்னவர்.

"கிழியலை. விரிஞ்சுச்சு. ரெண்டும் உங்க புள்ளைகதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் முதல் தடவை கழுவப் போனார்.

இதை வைத்து அவர் அழகு சிகிச்சைக்கே எதிரி என்று நினைத்துவிடக் கூடாது. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண் ஒருவர், நாற்பத்தைந்து வயதிருக்கும், தொடையிலிருந்த பழைய வெள்ளை வரிகளுக்கு வைத்தியம் கேட்டு வந்தார்.

"இதை யாரு பாக்கப் போறா?" என்று கேட்டார் சிஸ்டர்.

"யாரும் பாக்க மாட்டாக. நான் பாக்குறேன்ல?"

"அப்பச் சரி. உங்களுக்குன்னா செய்வோம். வெள்ளையாயிருச்சு, பழசு. ரொம்பக் கொஞ்சம்தான் மங்கும். பரவாயில்லையா?"

அந்தப் பெண் ஒப்புக்கொண்டார். ஐந்து மாதம் கழித்து ஜன்னலோரத்துப் படங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கொஞ்சம் மங்கியிருந்ததைப் பார்த்துத் திருப்தியாகப் போனார். மேகமலை எஸ்டேட்டிலிருந்து நெஞ்சில் வளரும் தழும்போடு வந்த ஒரு தொழிலாளிப் பெண்ணுக்கு மட்டும் இயந்திரத்தின் பக்கமே போக விடவில்லை. "இதைச் சீண்டுனா இன்னும் பெருசா வளரும். பெரியாஸ்பத்திரிக்குப் போ ஆத்தா, அங்கன ஊசி போடுவாக" என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினார். அன்று மாலை உரிமையாளர் அவரிடம் பேசியது என் காதில் விழுந்தது.

"சிஸ்டர், ஜனங்க நம்பிக்கையோட படியேறி வர்றாக. நீங்க அதைக் கெடுத்துக் கீழ அனுப்புறீக. அந்தக் கையையாச்சும் முழுசாப் பண்ணிக்கங்க. இல்லைன்னா முழுக்கை போட்டு மூடுங்க."

மறுநாளிலிருந்து அவர் முழுக்கை கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். ஆள் வரும்போது இடது கையை மட்டும் மடித்துவிட்டுக்கொண்டார்.

உரிமையாளர் முகப்பு மேசைக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் ஒரு களிம்பை அடுக்கி வைத்திருந்தார். வெள்ளை டப்பா, தங்க நிற மூடி, மேலே ஒரு எழுத்தும் கிடையாது. 'கல்யாண க்ரீம்' என்று வாயால் சொல்லித்தான் விற்பார்கள். டாக்டர் வரும் ஞாயிறுகளில் மட்டும் அந்த அலமாரி காலியாக இருக்கும். அதில் என்ன இருக்கிறது என்று சிஸ்டர் உரிமையாளரிடம் இரண்டு முறை கேட்டிருக்கிறார். "மூலிகை" என்று பதில் வந்திருக்கிறது. எனக்கும் அதே பதில்தான் வந்தது. நான் எழுதினேன்: 'திருமணப் பெண்களுக்கு ஏற்றது. பக்க விளைவு இல்லாதது.'

ஒன்பதாவது விளம்பரப் பக்கத்துக்காக நான் போயிருந்த அன்று, சின்னமனூரிலிருந்து மூன்று பெண்கள் படியேறி வந்தார்கள். கல்யாணப் பெண், அவளுடைய அம்மா, மாப்பிள்ளையின் அத்தை. கல்யாணத்துக்கு ஏழு வாரம் இருந்தது. பெண் கோடை வெயிலில் கழுத்து வரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை அணிந்திருந்தாள். அம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன. பேசியவர் அத்தை மட்டும்தான்.

முகூர்த்தச் சேலையும் அதற்கு ஜாக்கெட்டும் மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது அவர்கள் வழக்கம். அளவு கொடுக்கப் பெண்ணைத் தேனிக்குத் தையல் கடைக்கு அழைத்துப் போயிருக்கிறார் அத்தை. தையற்காரப் பெண் கையைத் தூக்கச் சொன்னபோது, அக்குளிலிருந்து மேல்கை வரை வரி வரியாகச் சிவப்புக் கோடுகள் தெரிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அகலம்.

"நானும் மூணு பெத்தவ, எனக்குத் தெரியாதா?" என்றார் அத்தை. குரலைத் தாழ்த்தவே இல்லை. "கையிலேயே இம்புட்டுன்னா வயித்துல எம்புட்டோ. எங்க வீட்டு ஆம்பளைகளுக்கு இன்னும் நான் சொல்லலை. கல்யாணத்துக்குள்ள இது போயிரும்னா சரி. இல்லைன்னா ஊரைக் கூட்டித்தான் கேக்கணும்."

"மதினி, எம்புள்ள அப்படியாப்பட்டவ இல்லை மதினி" என்று அம்மா கைகளைக் கூப்பினார்.

உரிமையாளர் முகப்பு மேசையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். "பயப்படாதீங்கம்மா. ஆறு சிட்டிங். முகூர்த்தத்துக்குள்ள இருந்த இடம் தெரியாமப் போயிரும்."

சிஸ்டர் எதையும் காதில் வாங்கவில்லை. பெண்ணை மட்டும் உள்ளறைக்குக் கூட்டிப் போனார். கதவை முழுதாகச் சாத்தவில்லை. உள்ளே நடந்த பேச்சு எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"வயித்துல இருக்காத்தா?"

"இல்ல சிஸ்டர். கையில, தொடையில, முட்டிக்குப் பின்னால."

"என்ன தடவுனே?"

பையின் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து சிஸ்டர் வெளியே வந்தார். கையில் ஒரு டப்பா. வெள்ளை, தங்க நிற மூடி. கண்ணாடி அலமாரியில் இருபது டப்பா அடுக்கியிருந்த வரிசைக்கு முன்னால் அதை வைத்தார். அது இருபத்தொன்றாவது போல உட்கார்ந்தது.

"இது யாரு வாங்கிக் குடுத்தது?" என்று கேட்டார்.

பெண் கதவுப் பக்கம் நின்று அத்தையைப் பார்த்தாள். அம்மாவும் அத்தையைப் பார்த்தார். நிச்சயதார்த்தத் தட்டில், பழத்துக்கும் பூவுக்கும் பக்கத்தில், அந்த டப்பாக்கள் நான்கு இருந்திருக்கின்றன. 'பொண்ணு ரெண்டு பங்கு நெறமாகட்டும்' என்று சொல்லித் தட்டில் வைத்தவர் அத்தை. தினம் இரண்டு வேளை, கை கால் முழுக்கத் தடவச் சொன்னவரும் அவர்தான். போனில் கேட்டுக் கேட்டுத் தடவ வைத்திருக்கிறார். நான்கும் தீர்ந்ததும் இன்னும் நான்கு அனுப்பியிருக்கிறார்.

"இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கு. இல்லைன்னா இப்படி வராது" என்றார் சிஸ்டர். "தோலை மெலிசாக்கும். மெலிஞ்ச தோலு இழுபடுற இடத்துல இப்படித்தான் வரிவரியா விடும். அஞ்சு மாசம் தடவுனா கல்யாணம் ஆகாத ஆம்பளைக்கும் வரும். புள்ள பெத்தா மட்டுந்தான் வரும்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

அத்தையின் முகம் வெளுத்தது. உரிமையாளர் பக்கம் திரும்பினார்.

"நான் என்னத்தக் கண்டேன்? பேப்பர்லயே போட்டிருந்தாகளே! கல்யாணப் பொண்ணுகளுக்கு ஏத்ததுன்னு, ஒரு தொந்தரவும் இல்லைன்னு. கிழிச்சு பீரோல வச்சிருக்கேன், கொண்டாந்து காட்டவா?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். கை கழுவப் போகவில்லை. நான் கையிலிருந்த குறிப்பேட்டை மூடினேன். அதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை.

"சிஸ்டர், நீங்க உள்ள போங்க" என்றார் உரிமையாளர். "அம்மா, அது வேற டப்பா. நம்மளது மாதிரியே வெளிய போலி விக்கிறாக. விடுங்க. ஆறு சிட்டிங்கை எட்டாக்கித் தர்றேன், சுத்தமாப் போயிரும்."

சிஸ்டர் இடது கையின் மடிப்பை இன்னும் மேலே ஏற்றினார். முழங்கை வரை தழும்பு தெரிந்தது. கையை அத்தையின் முன்னால் நீட்டினார்.

"தொடுங்க. ஆறு தடவை இதே மெஷின். போயிருச்சா?"

அத்தை தொடவில்லை.

"மங்கும், போகாது. அந்தப் புள்ளைக்கு இப்ப மெஷினே கூடாது. மெலிஞ்சு கெடக்கிற தோலுல வச்சா வெந்து கறுத்துப்போகும். முதல்ல பெரியாஸ்பத்திரியில தோல் டாக்டரைப் பாக்கணும். களிம்பை எப்படிக் கொறச்சு விடணும்னு அவுகதான் சொல்லணும்."

அத்தைக்கு அப்போதுதான் ஒரு வழி தெரிந்தது போலிருக்கிறது. குரலில் கொஞ்சம் தேன் கூடியது. "அப்ப ஒண்ணு செய்வோம். களிம்பால வந்ததுதான்னு அந்த டாக்டர் கைப்பட ஒரு சீட்டுக் குடுக்கட்டும். நான் எங்க வீட்ல காமிச்சிக்கிறேன். கல்யாணம் பாட்டுக்குக் கல்யாணம் நடக்கட்டும்."

அம்மாவின் முகத்தில் உயிர் வந்தது. "செஞ்சிருவோம் மதினி, நாளைக்கே போயிருவோம்" என்றார்.

பெண் கதவை விட்டு முன்னால் வந்தாள். அலமாரியிலிருந்து தன் டப்பாவை எடுத்தாள்.

"சீட்டு எதுக்கு அத்தை? நீங்க குடுத்த டப்பாதான் சீட்டு. இதைக் காமிங்க உங்க வீட்ல."

அத்தையின் கையைப் பிடித்து விரித்து, டப்பாவை உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். மரியாதையாகத்தான் செய்தாள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அத்தை டப்பாவோடு படியிறங்கிப் போனார். கல்யாணம் நின்றது.

தாயும் மகளும் புறப்படும் முன் சிஸ்டர் பெண்ணை ஜன்னலோரம் நிறுத்தினார். பிளாஸ்திரித் துண்டுகளின் மேல் பாதம் வைக்கச் சொன்னார். கிளினிக் கேமராவை எடுக்கவில்லை. "உன் போனைக் குடு ஆத்தா. படம் உன்கிட்டயே இருக்கட்டும். மாசம் ஒருக்கா, வீட்ல ஏதாவது ஒரு ஜன்னல், பதினோரு மணி. அதே ஜன்னலா இருக்கணும். ஒரு வருஷம் கழிச்சு நீயே பாத்து முடிவு பண்ணு. அதுக்குள்ள எவன் போயிரும்னு சொன்னாலும் நம்பாதே."

மணி பதினொன்று பத்து. அந்தப் பத்து நிமிடம் தாமதமானதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டார்.

மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சிஸ்டரிடம் அன்றே சொல்லப்பட்டது. நான் அலுவலகத்துக்குப் போய் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். களிம்பின் ஆய்வறிக்கை இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. அந்தப் பெண் பெயரோடு பேசுவாளா என்று கேட்டார்கள். மாட்டாள். கேள்விகள் நியாயமானவை. 'முற்றிலும் மறையும்' என்று எழுதியபோது இந்த இரண்டு கேள்விகளையும் யாரும் என்னிடம் கேட்கவில்லை. என் செய்தி வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் கிளினிக்கின் விளம்பரப் பக்கம் வந்தது. அதை வேறொருவர் எழுதியிருந்தார்.

சிஸ்டர் மறுபடி கேரளத்துக்கே வேலைக்குப் போனார். தாயாரையும் கூட்டிக்கொண்டு, இரண்டு பைகளோடு, கம்பம் பஸ் நிலையத்தில் குமுளி வண்டிக்கு நின்றவரைப் பார்த்தேன். செய்தி வரவில்லை என்று சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது.

"எப்பயாச்சும் எழுதுவீகளா?"

"கட்டாயம் எழுதுறேன் சிஸ்டர்."

"கிளினிக் மொதலாளி மாதிரியே சொல்றீக" என்றார். பிறகு பஸ் வந்தது.

நாளிதழ் வேலையை விட்ட பிறகு, ஒரு நாள் சின்னமனூரில் ஜவுளிக் கடை ஒன்றில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அங்கே கணக்கெழுதும் வேலையில் இருந்தாள். அரைக்கை ஜாக்கெட் போட்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, போனை எடுத்துக் காட்டினாள். பதினான்கு படங்கள். முதல் படம் கிளினிக் ஜன்னலோரம். மற்றவை வீட்டு அடுப்படி ஜன்னல். ஒவ்வொன்றிலும் சுவரில் ஒரு பென்சில் கோடு தெரிந்தது. சிவப்பு இளஞ்சிவப்பாகி, பழுப்பாகி, கடைசிப் படத்தில் வெள்ளையாக ஓடியிருந்தது.

"மெஷின் வச்சியா?" என்று கேட்டேன்.

"வைக்கலாமான்னு சிஸ்டருக்குப் படத்தை அனுப்பிக் கேட்டேன். யாருக்காகன்னு கேட்டாக. யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னேன். இன்னும் யோசிக்கிறேன்."

அந்த கிளினிக் இப்போதும் அதே மாடியில்தான் இருக்கிறது. டப்பாவின் மூடி வெள்ளி நிறமாகியிருக்கிறது.

பத்திரிகையில் தவறு நேர்ந்தால், தவறு வந்த பக்கத்தில் அதே அளவில் இல்லாமல், உள்ளே எங்கேயாவது நான்கு வரியில் திருத்தம் போடுவது வழக்கம். விளம்பரப் பக்கத்துக்கு அந்த நான்கு வரியும் கிடையாது. அதனால் இங்கே போடுகிறேன். பிரசவ வரிகளும் தழும்புகளும் முற்றிலும் மறையும் என்றும், குறிப்பிட்ட ஒரு களிம்பு பக்க விளைவு இல்லாதது என்றும் நான் எழுதியிருந்தேன். இரண்டும் தவறு. களிம்பில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. தழும்பு மங்கும், போகாது. இதை அன்றே என்னிடம் சொல்ல வந்தவருக்கு, இடம் இல்லை என்று சொன்னவள் நான்தான்.